பக்கச் சுவரில் ஒரு கதவு

படகை விற்கப் போகிற செய்தியை ரஹீமா பீவிக்குச் சொன்னது அவள் கணவர் அல்ல, அதை வாங்க நினைத்தவர். பஹ்ரைனில், முஹர்ரக்கில் ஓட்டல் வைத்திருக்கும் செய்கு முகம்மது வியாழக்கிழமை காலையில் வீட்டுக்கே போன் போட்டுவிட்டார். அவள் கணவர் கலீலுர் ரஹ்மான் கடையில் போனை எடுக்கவில்லையாம்.

"லாத்தா, அந்தப் போட்டுல மீன் காட்டுற மிஷின் வேலை செய்யுதா? காக்காட்ட கேக்க மறந்துட்டேன்."

"நல்லா வேலை செய்யுது தம்பி. ஆனா போட்டு விக்கிறதுக்கு இல்ல. காக்கா அவசரப்பட்டுச் சொல்லிட்டாக," என்று சொல்லி வைத்துவிட்டாள் ரஹீமா.

மதியம் சாப்பிட வந்த கலீலுர் ரஹ்மானுக்கு இது தெரியாது. மனாமாவில் குதைபியாவின் நெருக்கமான சந்து ஒன்றில், மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீடு. கீழே மலையாளி பேக்கரி. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்து ஏசி மிஷின்கள் கக்கும் சூடு நேரே முகத்தில் அடிக்கும். செப்டம்பர் பாதி ஆகியும் வெயில் இறங்கவில்லை. நடந்து வந்த இருநூறு அடிக்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். சோறும் ஷேரி மீன் ஆனமும் தயாராக இருந்தன. அவர் நாலு வாய் சாப்பிடும்வரை ரஹீமா ஒன்றும் பேசவில்லை.

"செய்கு முகம்மது பேசுனாரு."

அவர் கை சோற்றிலேயே நின்றது.

"விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லிட்டேன்."

"ரெண்டு வருஷமா அது தண்ணியில கெடந்து பாசி புடிக்குது ரஹீமா. யாரு ஓட்டப் போறா அத?"

"நான்."

கலீலுர் ரஹ்மான் நிமிர்ந்து பார்த்தார். அவள் நாற்காலியில் வலது காலை நேராக நீட்டி, குதிகாலை ஒரு சின்ன ஸ்டூலின் மேல் வைத்திருந்தாள். அந்த முட்டிக்குள் தகடும் ஸ்க்ரூவும் இருந்தன. மூன்று ஆபரேஷன். அது மடங்காது, ஆள் பாரத்தையும் தாங்காது. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துப் பத்துப் பதினைந்து அடி நடப்பாள். வெளியே என்றால் சக்கர நாற்காலிதான்.

"ஓட்டுவ. எப்புடி ஏறுவ?"

"ஏற மாட்டேன். உள்ள போவேன். பக்கத்துல வெட்டி ஒரு கதவு வைக்கச் சொல்லுங்க."

இருபத்தேழு அடி ஃபைபர் படகு அது. பின்னால் இரண்டு இஞ்சின். பத்து வருஷத்துக்கு முன் ஒரு பஹ்ரைன்காரரிடம் பழையதாக வாங்கியது. கலீலுர் ரஹ்மானுக்கு மனாமா கடைவீதியில் பூட்டு, கீல், பெயிண்ட், ரெசின் விற்கும் ஹார்டுவேர் கடை. வாரத்தில் ஆறு நாளும் கடை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கடல். அவர் தூண்டில் போடுவார், அவள் ஓட்டுவாள். லைசன்ஸ் பரீட்சையில் அவர் இரண்டாம் தடவைதான் தேறினார், அவள் முதல் தடவையே தேறினாள். காற்றைப் பார்த்து, அலையின் சாய்வைப் பார்த்து, எந்த வேகத்தில் போனால் படகு துள்ளாது என்று அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாத ஒரே இடம் இந்த ஊரில் அதுதான் என்பாள். கடலில் அவள் குரல் வேறு மாதிரி இருக்கும். வீட்டில் கேட்காத குரல் அது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, சித்ரா தீவுப் படகுத்துறையில், அவள் ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்து மறு காலை எடுக்கும் நேரத்தில் வேறொரு படகு வேகமாகக் கடந்து போனது. அதன் அலையில் படகு விலகியது. அவள் படகுக்கும் மேடைக்கும் இடையில் விழுந்தாள். விலகிய படகு திரும்பி வந்து மேடையோடு மோதியபோது அவள் முட்டி நடுவில் இருந்தது.

அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை கடலுக்குப் போனார்கள். போன குளிர்காலத்தில். படகின் பக்கச் சுவர் மேடையிலிருந்து இரண்டரை அடி உயரம். அவரும் துறையில் வேலை பார்க்கும் இரண்டு வங்காளிகளும் சேர்ந்து அவளைத் தூக்கினார்கள். ஒருவன் கக்கத்தில் கை கொடுத்தான், இன்னொருவன் காலைப் பிடித்தான். நல்ல பையன்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினார்கள். ஆனாலும் முக்காடு நழுவியது, புர்கா முழங்காலுக்கு மேல் ஏறியது. அன்று முழுக்க ரஹீமா கடலைப் பார்க்கவில்லை. துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். கரைக்கு வந்து இறக்கும்போதும் அதே கைகள். வீட்டுக்கு வந்ததும், "இனி நான் வரல மச்சான்," என்றாள். அவர் அதைப் படகின் மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"ஒரு படகோட சொவத்த வெட்டுனா தண்ணி உள்ள வராதா?" என்றார் இப்போது.

"அத வேலை தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. கேக்காமலே வராதுன்னு நானும் சொல்லல, வரும்னு நீங்களும் சொல்லாதீங்க."

துபாயில் கட்டிக்கொடுத்திருந்த மகள் நஜீஹாவும் அன்று மாலை போனில் வந்தாள். "வாப்பா, ப்ளீஸ், இட்ஸ் நாட் சேஃப். உம்மாவுக்குப் புரிய வைங்க." ரஹீமா போனை வாங்கி, "ஓம் மாமியா நல்லா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

இரண்டு பட்டறைகளில் கேட்டார் கலீலுர் ரஹ்மான். இரண்டு இடத்திலும் சிரித்தார்கள். ஒருவர், "மாஃபி, மாஃபி," என்று அரபியில் மறுத்துக் கையை ஆட்டினார். "புதுப் படகு கதவோடயே வாங்கிக்கோ." அந்த விலைக்கு அவர் கடையையே விற்க வேண்டும். மூன்றாவது ஆளை அவர் தேடிப் போகவில்லை. அவனாகவே கடைக்கு ரோலர் வாங்க வந்தான்.

ரெங்கராஜுக்கு நாற்பது வயதிருக்கும். ராமநாதபுரம் ஜில்லா கமுதிப் பக்கம் பெருநாழி. ஹித்தில் உள்ள ஒரு படகுப் பட்டறையில் பதினோரு வருஷமாக ஃபைபர் வேலை. கடலே இல்லாத ஊர்க்காரன். முதன்முதலில் கடலைப் பார்த்ததே விமானத்து ஜன்னல் வழியாகத்தான். நீச்சல் தெரியாது. ஆனால் அவன் கை பட்ட படகு மறுபடி பட்டறைக்கு வராது என்று கடைவீதியில் பேச்சு உண்டு. கலீலுர் ரஹ்மான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அவன் சிரிக்கவில்லை. "மொதல்ல பாயம்மாவப் பாக்கணும்," என்றான்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எழுந்து போய் மூலையில் கிடந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வந்தான். மூடி இல்லாத பெட்டி. அதன் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிக் காட்டினான்.

"பாருங்க பாயம்மா, முறுக்க வரலைல்ல? இதுதேன் படகு. அலை ஒரு பக்கம் தூக்கும், இஞ்சின் ஒரு பக்கம் தள்ளும். அம்புட்டையும் இந்த நாலு சொவருந்தேன் தாங்குது." பாக்கெட்டிலிருந்து கட்டரை எடுத்துப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சதுரமாக வெட்டி எடுத்தான். மறுபடி முறுக்கினான். பெட்டி துணி மாதிரி நெளிந்தது. "இப்பப் பாருங்க. இதுல ஒங்கள ஏத்திக் கடலுக்கு அனுப்பிப்புட்டு நான் எப்புடித் தூங்க?"

கலீலுர் ரஹ்மானுக்கு ஒரு நிம்மதி. இனி இந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தார்.

ரஹீமா பெட்டியை வாங்கித் தானும் முறுக்கிப் பார்த்தாள். வெட்டின இடத்தில் விரலை வைத்தாள்.

"வீட்டுச் சொவத்துலயும்தான் தம்பி வெட்டிக் கதவு வைக்கிறோம். அது ஏன் விழல?"

"வீட்டுக்கு வாசக்கா இருக்குல்ல பாயம்மா. நெலை வச்சுக் கட்டுறாக. பாரத்த அது சுத்தி எறக்கிவிட்டுரும்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தான். வெட்டி எடுத்த துண்டை நீளநீளமாகக் கிழித்தான். "டேப்பு இருக்குதா பாய்?" அட்டைத் துண்டுகளை நாலாக மடித்துத் தடிப்பாக்கி, ஓட்டையின் இரண்டு பக்கமும் நிறுத்தி, பெட்டியின் அடிவரை கொண்டுபோய் ஒட்டினான். அடியில் ஒரு தடித்த படி. மேலே குறுக்காக ஒரு பட்டை. இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினான். பெட்டி அசையவில்லை. இன்னும் பலமாக முறுக்கினான். வெட்டாத பக்கம்தான் முதலில் மடங்கியது.

"எனக்கு ஒரு வாரம் குடுங்க," என்றான்.

பட்டறை முதலாளி பஹ்ரைன்காரர், வயசாளி. படகை ஏற்றிக்கொண்டு வந்து பட்டறையில் வைத்ததும் ஒரு சுற்று சுற்றி வந்தார். கோபமில்லை, ஆனால் ஒரு தாளை நீட்டினார். வெட்டியதால் படகுக்கு என்ன ஆனாலும் பொறுப்பு படகுக்காரருடையது. கலீலுர் ரஹ்மான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரஹீமா காரிலிருந்தே கை நீட்டித் தாளைக் கேட்டாள். படகு இருவர் பேரிலும் இருந்தது. தாளுக்கு அடியில் பர்ஸை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்த ஒரு வாரமும் ரெங்கராஜ் வெட்டவில்லை, அளந்தான். சக்கர நாற்காலியின் அகலம், முன் சக்கரத்தின் விட்டம், அவள் நீட்டிய காலின் நீளம். பிளைவுட்டில் ஒரு பொய்ப் படகுச் சுவர் செய்து வாசல் விட்டு, அவளைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பச் சொன்னான்.

"எந்தக் கை பலம் பாயம்மா?"

"எடது. வலது தோள்பட்டையும் அன்னைக்கு அடிபட்டுச்சு."

"அப்பக் கதவு இந்தப் பக்கம் போட்டுப் பிரயோசனம் இல்ல. திரும்பிப் புடிக்கையில ஒங்க எடது கை கம்பிக்கு வரணும்." சாக்பீஸால் போட்ட கோட்டை அழித்துவிட்டு மறு பக்கம் போய்ப் போட்டான். இதைக் கேட்டு யாரும் ஒரு படகு கட்டிக் கலீலுர் ரஹ்மான் பார்த்ததில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் வெட்டினான். காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிட்டான். பத்து மணிக்கு மேல் தகரக் கூரைக்கு அடியில், ஃபைபரை ஒட்டும் ரெசின் சொன்னபடி கேட்காது. கைகளில் குழந்தைப் பவுடரைத் தடவிக்கொண்டு, முழுக்கைச் சட்டைக்கு மேல் டேப் சுற்றி, மூக்குக்கு மாஸ்க் போட்டுக்கொண்டான். கண்ணாடி நார்த் தூள் தோலில் இறங்கினால் இரண்டு நாளைக்கு அரிக்கும். வெட்டும் கோட்டின் நாலு மூலையிலும் முதலில் வட்டமாகத் துளை போட்டான்.

"ஏன் தம்பி உருண்டையா போடுற?"

"சதுரமா வெட்டுனா மூலையிலதேன் பாய் கீறல் விழும். உருண்டைக்கு எங்க கீறுறதுன்னு தெரியாது."

கிரைண்டர் சுவரில் இறங்கியபோது கலீலுர் ரஹ்மான் வெளியே போய் நின்றுகொண்டார். சத்தம் நின்றதும் எட்டிப் பார்த்தார். படகின் பக்கத்தில் முப்பது அங்குல அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ரெங்கராஜ் ஓட்டையின் ஓரத்தை உள்பக்கமாக ஒரு முழத்துக்குச் சரிவாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். பழைய ஃபைபரும் புது ஃபைபரும் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் கணக்கு.

மதியச் சாப்பாடு ரஹீமா கொடுத்துவிடுவாள். முதல் வெள்ளிக்கிழமை அவன் டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்தது தெரிந்து, "வெள்ளிக்கிழமை கவுச்சி சாப்பிட மாட்டியா தம்பி? சொன்னாத்தானே தெரியும்," என்று போனில் கேட்டாள். அடுத்த வெள்ளியிலிருந்து பருப்பும் வெண்டைக்காயும் போனது. சோறு உண்ணும்போது அவன் தன் மனைவி மாரியம்மாளுக்கு வீடியோ போட்டு ஓட்டையைக் காட்டுவான். "நல்ல படக ஏன்யா ஓட்டை போட்டு வச்சிருக்க?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் கேட்கும்.

வாசலின் இரண்டு பக்கத்துக்கும் விலா எலும்பு மாதிரித் தடித்த சட்டங்கள் வைத்தான். அவை கீழே போய்ப் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டைகளோடு சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஒன்பது அடுக்குக் கண்ணாடித் துணி. அடுத்தது படி. சக்கரம் ஏறி இறங்கும் இடம். அன்று பார்த்துக் காற்றில்லை, ஈரப்பதம் ஊற்றெடுத்த மாதிரி இருந்தது. ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து பாதி அடுக்குப் போவதற்குள் வாளி சூடாகிப் புகைய ஆரம்பித்துவிட்டது. அவசர அவசரமாக ரோலரை ஓட்டி முடித்தான்.

மறுநாள் கலீலுர் ரஹ்மான் போனபோது அவன் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு காசை வைத்துப் படியைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். டண், டண், டண், டொக். மறுபடி டொக்.

"என்ன தம்பி?"

"உள்ள காத்து நிக்கிது பாய். வெந்துபோச்சு."

"மேல நல்லாத்தானே இருக்கு. பெயிண்ட் அடிச்சா தெரியாதே." சொன்ன பிறகு அவருக்கே அது கடைக்காரன் பேச்சாகத் தெரிந்தது.

"பாயம்மா சக்கரம் இது மேலதேன் ஏறி எறங்கும். அம்புட்டுப் பாரமும் ஒரு இஞ்ச் இடத்துல. அமுங்கி அமுங்கி என்னைக்காச்சும் ஒரு நா விட்டுக்குடுத்துரும். கடல்ல வச்சு விட்டுக்குடுக்கும் பாய், இங்கன வச்சு இல்ல."

கிரைண்டரை எடுத்துப் படி முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டான். யாரும் சொல்லவில்லை. முதலாளி முணுமுணுத்தார், தன் சாமான் செலவு என்றார். அடுத்த மூன்று நாளும் விடிவதற்கு முன்பே எழுந்து வந்து, சின்னச் சின்ன வாளியாகக் கலந்து, ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு போட்டான். நாலாம் நாள் காசை எடுத்துக் கலீலுர் ரஹ்மான் கையில் கொடுத்தான். "நீங்களே தட்டுங்க பாய்." அவர் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை தட்டினார். ஒரே சத்தம்.

இருபத்தேழு வருஷமாக ரெசின் விற்கிறவர். அதை வைத்து என்ன செய்யலாம் என்று அன்றுதான் பார்த்த மாதிரி இருந்தது.

கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி இருந்தது. வெளியே திறக்கிற கதவைத் தண்ணீர் இழுக்கும், உள்ளே திறக்கிற கதவைத் தண்ணீரே நிலையோடு அழுத்தி மூடி வைக்கும். சுற்றிலும் ரப்பர் பட்டை, இரண்டு எஃகுத் தாழ். மேலே, வெட்டுப்பட்ட விளிம்பின் இரண்டு முனையையும் இணைக்க ஒரு குறுக்குக் கம்பி. கதவை மூடியபின் அதை இறக்கிப் பூட்டினால் படகின் விளிம்பு முன்பு போல ஒன்றாகிவிடும்.

நவம்பர் கடைசியில் ரஹீமாவை வேலையைக் காட்ட அழைத்துப் போனார். ஹித்துக்குப் போகும் பாலத்தில் நெரிசல். வண்டிகள் நகரவில்லை. முன் சீட்டைப் பின்னால் தள்ளி, காலை நீட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். இரு பக்கமும் தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. அவர் இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அங்கே, ஏன் என்று தெரியாமல், வெளியே வந்தது.

"ரஹீமா. அன்னைக்குக் கயிற நான்தான் முன்னாடியே அவுத்துட்டேன். நீ ஏறுறதுக்கு முந்தி. சீக்கிரம் கெளம்பணும்னு. கட்டியிருந்தா போட்டு விலகியிருக்காது."

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும் மச்சான். கயிறு ஒங்க கையில இருந்ததப் பாத்துக்கிட்டேதான் விழுந்தேன்."

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவர் வண்டியை இரண்டு அடி நகர்த்தினார்.

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"ரெண்டு வருஷம்."

"நீங்க போட்ட விக்கப் போறீங்கன்னு கேட்டப்பத்தான் மச்சான் எனக்குக் கோவம் வந்துச்சு. விழுந்ததுக்கு வரல. போட்ட வித்துட்டா இத எங்க போயி நெனச்சு முடிப்பீங்க? வீட்டுக்குள்ள என் காலப் பாத்துப் பாத்துக்கிட்டே இருப்பீங்க."

 அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன. 

டிசம்பர் முதல் வாரத்தில் படகு தண்ணீரில் இறங்கியது. பரிசோதிக்க வந்த அதிகாரி படியின் மேல் ஏறி இரண்டு தடவை குதித்துப் பார்த்தார். தாழைத் திறந்து மூடினார். "யார் செய்தது?" என்று கேட்டு, ரெங்கராஜைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ரஹீமாவை ஏற்றுவதற்கு முன் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ரெங்கராஜ் சொல்லியிருந்தான். அமைதியான நாளில் வேண்டாம், வடக்குக் காற்று அடிக்கிற நாளில் வேண்டும் என்றான். அப்படி ஒரு நாள் வந்தது. சித்ராவுக்கு வெளியே கடல் சின்னச் சின்ன வெள்ளைத் தலையாகப் புரண்டது. அவன் லைஃப் ஜாக்கெட்டை இரண்டு முடிச்சாகக் கட்டிக்கொண்டு, கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டான்.

"இங்க வந்து சீட்டுல உக்காரு தம்பி."

"இல்ல பாய். ஓட்டுங்க."

"நீச்சல் தெரியாதவன் நீ."

"அதுனாலதேன். தண்ணி வந்தா மொத ஆளா எனக்குத் தெரியும். நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, என்னையத் திரும்பிப் பாக்காதீங்க."

அவர் வேகத்தைக் கூட்டினார். படகு எழுந்து அலைகளின் முதுகில் அறைந்துகொண்டு ஓடியது. ஒவ்வொரு அறையும் அவர் பல்லில் கேட்டது. கதவு இருக்கும் பக்கத்தையே அலைக்குக் காட்டித் திருப்பினார், ஒரு தடவை, இரண்டு தடவை. தண்ணீர் பக்கச் சுவரில் மோதி மேலே எழும்பி இருவர் தலையிலும் கொட்டியது. திரும்பிப் பார்த்துவிட்டார். ரெங்கராஜ் கண்ணை இறுக்க மூடி, இரண்டு உள்ளங்கையையும் நிலையின் இரு பக்கமும் விரித்து வைத்திருந்தான். பயத்தில் அல்ல. மருத்துவர் நெஞ்சில் கை வைத்துக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தான்.

முக்கால் மணி நேரம். துறைக்கு வந்து இஞ்சினை நிறுத்தியதும் அவன் எழுந்தான்.  தலை, தோள், முன்பக்கம் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். லைஃப் ஜாக்கெட்டோடு அப்படியே திரும்பி நின்றான்.

"தொட்டுப் பாருங்க பாய்."

கலீலுர் ரஹ்மான் அவன் முதுகைத் தொட்டார். இடுப்புக்கு மேலே ஒரு சாண் அளவுக்குக் கதவில் சாய்ந்திருந்த இடம் மட்டும் நனையாமல் இருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரஹீமா வந்தாள். நல்ல வெயில், சூடில்லாத வெயில். படகுத்துறையில் மிதக்கும் மேடை. அதற்கும் படகின் வாசலுக்கும் இடையே அலுமினியப் பலகை போட்டிருந்தான் ரெங்கராஜ். அவள் காரிலிருந்து நாற்காலிக்கு மாறி, மேடையில் உருட்டிக்கொண்டு வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். கதவையும் நிலையையும் படியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பி இருவரையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நில்லுங்க."

"வழுக்குனா?" என்றார் கலீலுர் ரஹ்மான்.

"வழுக்குனா கூப்புடுறேன்."

இருவரும் திரும்பி நின்றார்கள். எதிரே கார் நிறுத்தும் இடம், குப்பைத்தொட்டி மேல் இரண்டு பூனை, மீன் பெட்டிகளைக் கழுவும் ஆட்கள். பின்னால் ரப்பர் சக்கரம் அலுமினியத்தில் ஏறும் கரகரப்பு. அவள் மூச்சு. கரகரப்பு நின்றது. முன் சக்கரம் படியில் இடறியிருக்க வேண்டும். கலீலுர் ரஹ்மானின் தலை தானாகத் திரும்பப் பார்த்தது. ரெங்கராஜ் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கூப்புடல பாய்."

சக்கரம் பின்னால் உருண்டது. நின்றது. ஒரு இழுத்த மூச்சு. பிறகு வேகமாக உருண்டு டக்கென்று ஒரு அடி, உடனே இன்னொன்று. சத்தம் மாறியது. அலுமினியத்தின் சத்தம் போய் ஃபைபரின் சத்தம். பலகை இழுபட்டு உள்ளே போகும் ஓசை. கதவு நிலையில் போய் உட்காரும் மெத்தென்ற ஒலி. ஒரு தாழ். இன்னொரு தாழ். குறுக்குக் கம்பி இறங்கிப் பூட்டியது. ரெங்கராஜின் பிடி தளரவில்லை, அவன் உதடு ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருந்தது.

நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு இஞ்சின் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றன.

"திரும்பலாம்," என்றாள்.

அவள் சுக்கானுக்கு முன்னால் ஓட்டுநர் சீட்டுக்கு மாறியிருந்தாள். காலை நீட்டி, அதற்கென்று ரெங்கராஜ் வைத்திருந்த தாங்கியில் வைத்திருந்தாள். முக்காடு சரியாக இருந்தது. முகத்தில் வியர்வை. பக்கச் சுவர் ஓட்டையே விழாதது போல் வழுவழுவென்று மூடியிருந்தது.

"வாறீங்களா, இல்ல நான் மட்டும் போயிட்டு வரட்டுமா?"

அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது, கதவு மூடியாகிவிட்டது. கலீலுர் ரஹ்மான் கைலியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டரை அடிச் சுவரின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டார். ஐம்பத்தாறு வயது முட்டி முனகியது. பாதி ஏறி, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ரெங்கராஜ் பின்னாலிருந்து தாங்கினான்.

ரஹீமா திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா வாங்க மச்சான்," என்றாள், அந்தப் பழைய கடல் குரலில். "நான் பாக்கல."